ஒன்றரை மணி நேரத்துக்காக ஒரு நாள்: ராக் இசைத் திருவிழா, வாசகர் கேள்வி – பதில்

தொண்ணூறுகளில் கேசட்டிலும் எம்டிவியிலும் கேட்டு மனப்பாடமான ராக் குழுக்களை இப்போது நேரில் பார்க்கக் கிளம்பும் வாசகர்களிடமிருந்து நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. மேடை ஒலி, கூட்டப் பாதுகாப்பு, பயணம் ஆகியவற்றை அறிந்தவர்கள் சேர்ந்து இவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறோம்.

2025 மார்ச்சில் மும்பை லாலபலூசா இசைத் திருவிழாவுக்கு அமெரிக்க ராக் குழு கிரீன் டே வந்தபோது போக முடியவில்லை. அடுத்து இப்படி ஒரு குழு வந்தால் மதியமே உள்ளே போக வேண்டுமா, அவர்கள் மேடையேறும் நேரத்துக்குப் போனால் போதாதா?
– வாசகர், கோவை

போதாது. ஆனால் வாசல் திறந்ததுமே ஓடவும் தேவையில்லை. நாளின் கணக்கை முடிவிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்.

நம் நாட்டின் ஒலி மாசு விதிகள் (2000) இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை விதிக்கின்றன. ஆண்டுக்கு அதிகபட்சம் 15 நாட்களுக்கு மட்டும் நள்ளிரவு வரை மாநில அரசு விலக்கு தரலாம். அந்த விலக்கை நம்பி யாரும் திருவிழாவைத் திட்டமிடுவதில்லை. அதனால் மும்பையில் கடைசிக் குழு எட்டு, எட்டரை வாக்கில் ஏறி பத்துக்குள் முடித்துவிடும். ஐரோப்பியத் திருவிழாக்களின் காணொளிகளைப் பார்த்துவிட்டு "மெயின் குழு பதினொரு மணிக்குத்தானே" என்று நினைத்துப் போகிறவர்கள் பாதி நிகழ்ச்சியைக் கோட்டை விடுகிறார்கள்.

எட்டரைக்குக் குழு என்றால் ஏழரைக்கே உங்கள் இடத்தில் நின்றிருக்க வேண்டும். அதற்கு முன் சாப்பாடு, கழிவறை, தண்ணீர் மூன்றுக்குமாக ஒரு மணி நேரம். வாசலில் பை சோதனை, கைப்பட்டை (டிக்கெட்டாக மணிக்கட்டில் கட்டும் பட்டை) சரிபார்ப்பு என்று இன்னொரு மணி நேரம் போகலாம். ஆக, மாலை ஐந்தரைக்குள் வாசலுக்கு வந்துவிடுங்கள். மதிய வெயிலில் முதல் மூன்று மணி நேரம் நின்று களைத்தவர்களுக்கு, எதற்காகச் சென்னையிலிருந்து ஒரு நாள் ரயிலில் வந்தார்களோ அந்தக் குழு ஏறும்போது கால் ஓய்ந்துவிடுகிறது. நடுவில் வேறு குழு எதையும் பார்க்க ஆசை இருந்தால் மட்டும் முன்னதாகப் போங்கள். எந்த மேடையில் யார், எத்தனை மணிக்கு என்ற அட்டவணை பெரும்பாலும் சில நாட்களுக்கு முன்புதான் வரும். வந்ததும் அதைப் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். உள்ளே போனபின் இணையம் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

லாலபலூசா நடக்கும் மகாலட்சுமி ரேஸ்கோர்ஸுக்கு மேற்கு ரயில்வேயின் மகாலட்சுமி நிலையம்தான் பக்கம். ஸ்லோ லோக்கல் மட்டுமே அங்கே நிற்கும். ஃபாஸ்ட் வண்டியில் ஏறிவிட்டால் மும்பை சென்ட்ரல் போய்த் திரும்பி வர வேண்டியதுதான். விமானத்தில் வருகிறவர்களுக்கு அக்வா லைன் மெட்ரோவில் விமான நிலையத்திலிருந்து மகாலட்சுமிக்கு நேரடி வண்டி இருக்கிறது.

எங்கே நின்றால் நல்லது? மேடைக்கு முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் சிறந்த இடமா?
– வாசகர், திருச்சி

முகம் பார்க்க வேண்டுமா, பாட்டு கேட்க வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம்.

பெரிய மேடைகளில் இரு பக்கமும் ஸ்பீக்கர் பெட்டிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, கீழே வளைந்த வரிசையாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மைதானத்தின் நடுவையும் பின்பகுதியையும் நோக்கித்தான் அவை குறிவைக்கப்பட்டிருக்கும். முன்வரிசையில் நிற்பவரின் தலைக்கு மேலாக ஒலி தாண்டிப் போய்விடும். அங்கே நிற்பவருக்குக் கிடைப்பது மேடை விளிம்பில் வைத்த சிறு ஸ்பீக்கர்கள், நேரடி டிரம்ஸ் ஓசை, கிட்டார் ஆம்ப்ளிஃபையரின் இரைச்சல், காலடியில் சப் ஸ்பீக்கரின் (பாஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கான பெரிய பெட்டி) அதிர்வு. குரல் மங்கிவிடும். மேடையும் ஆள் உயரத்துக்கு மேல் இருப்பதால், டிரம்மரைப் பார்க்கவே முடியாது.

ஒலிக்குச் சிறந்த இடம், மேடையிலிருந்து சுமார் 30, 40 மீட்டர் தள்ளி நடுவில் நிற்கும் கன்சோல் (ஒலியைக் கட்டுப்படுத்தும் மேசை) கூடாரத்தின் சுற்றுப்புறம். குழுவின் சவுண்ட் இன்ஜினீயர் அங்கே உட்கார்ந்துதான் ஒவ்வொரு வாத்தியத்தின் அளவையும் தன் காதுக்குச் சரியாக வைக்கிறார். அவர் காதுக்கு நன்றாக இருப்பது பத்தடி தள்ளி நிற்கும் உங்களுக்கும் நன்றாகத்தான் இருக்கும். கூடாரத்துக்குப் பின்னால் நிற்காதீர்கள், மறைக்கும். கூடாரத்தைச் சுற்றிய கம்பித் தடுப்பின் முன்பக்கம் கிடைத்தால் விடாதீர்கள். அதில் முதுகைச் சாய்த்துக்கொள்ளலாம். பின்னாலிருந்து யாரும் தள்ள முடியாது. இருட்டில் நண்பர்கள் உங்களைத் தேடிப் பிடிப்பதும் எளிது. பத்து முறை திருவிழா போனவர்கள் கூட்டமாக அங்கேயே நிற்பதற்குக் காரணம் இதுதான்.

அங்கேயும் சரியாக நடுக்கோட்டில் நிற்காமல் மூன்று, நான்கு மீட்டர் பக்கவாட்டில் நகருங்கள். இடது சப்பிலிருந்தும் வலது சப்பிலிருந்தும் வரும் பாஸ் நடுக்கோட்டில் ஒரே நேரத்தில் வந்து சேர்வதால் இரட்டிப்பாகி, நெஞ்சில் இடித்துக் குரலை மூழ்கடிக்கும். அதற்காக ரொம்பவும் தள்ளிப் போய்விடவும் கூடாது. 60 ஹெர்ட்ஸ் பாஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 5.7 மீட்டர். இரண்டு பக்கத்திலிருந்தும் உங்களுக்கு உள்ள தூரத்தில் அதில் பாதி, அதாவது 2.8 மீட்டர் வித்தியாசம் வந்தால், ஒன்றை மற்றொன்று அழித்து அந்த இடத்தில் பாஸ் காணாமலே போகும். நல்ல அமைப்பாளர்கள் சப்களை மேடையின் முழு அகலத்துக்கும் வரிசையாக அடுக்கி இதைக் குறைத்திருப்பார்கள். முந்தைய குழு வாசிக்கும்போதே நாலடி இப்படி, நாலடி அப்படி நடந்து பாருங்கள். வித்தியாசம் காதுக்கே தெரியும்.

நூறு மீட்டருக்கு அப்பால் நிற்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். திரையில் டிரம்மரின் குச்சி இறங்கிவிடும், அடி சற்றுப் பிந்திக் கேட்கும். ஒலி நொடிக்கு 340 மீட்டர்தான் ஓடுகிறது என்பதால் நூறு மீட்டரில் கிட்டத்தட்ட 0.3 நொடி தாமதம். மைதானத்தின் பாதியில் நிற்கும் கோபுரங்களில் உள்ள ஸ்பீக்கர்களும் வேண்டுமென்றே தாமதப்படுத்தித்தான் ஒலிக்கவிடப்படுகின்றன. இல்லையென்றால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும். அந்தக் கோபுரத்துக்கு நேர் முன்னால் பத்து மீட்டரில் நின்றால் தெளிவு போதுமானதாக இருக்கும். காற்று பக்கவாட்டில் வீசும் நாளில் சிம்பலும் குரலின் மேல்பகுதியும் அலைந்து அலைந்து கேட்கும். அப்போது முன்னால் நகர்வது ஒன்றே வழி.

குள்ளமானவர்களுக்கு ஒரு குறிப்பு. ரேஸ்கோர்ஸ் தட்டையான தரை. இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி திருவிழாவில் உள்ள பிரமிட் மேடை போலச் சரிவு கிடையாது. முன்னால் உயரமானவர் வந்து நின்றால் அவ்வளவுதான். நடைபாதையாக விட்டிருக்கும் இடைவெளியின் ஓரத்தில் நின்றால் பார்வை மறையாது.

எந்தத் திருவிழாக் காணொளியைப் பார்த்தாலும் முதல் இரண்டு பாட்டு ஒலி மோசமாகவே இருக்கிறதே, ஏன்?
– வாசகி, சென்னை

திருவிழாவில் பெரும்பாலும் ஒத்திகைக்கு இடமில்லை. தனிக் கச்சேரியில் குழு மதியமே வந்து முழுப் பாட்டாக வாசித்துப் பார்க்கும். திருவிழாவில் ஒரு குழு இறங்கி அடுத்தது ஏற அரை மணியோ நாற்பது நிமிடமோதான். அதற்குள் டிரம்ஸை உருட்டிக் கொண்டுவந்து, மைக் ஒவ்வொன்றிலும் ஒலி வருகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். சவுண்ட் இன்ஜினீயர் முந்தைய ஊரில் சேமித்த அளவுகளை ஏற்றிக்கொண்டு தொடங்குவார். ஆனால் இந்த மைதானமும் இந்தக் காற்றும் வேறு. முதல் பாட்டில்தான் அவர் உண்மையில் வேலையைத் தொடங்குகிறார். மூன்றாவது பாட்டுக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் நீங்கள் நிற்கும் இடத்தை மாற்றுங்கள்.

மேடையில் இருப்பவர்களுக்கு இது இன்னும் கொடுமை. 1997 ஜூன் 28 இரவு கிளாஸ்டன்பரியில் ரேடியோஹெட் குழு வாசித்தபோது பாடகர் தாம் யார்க்குக்குத் தன் குரலே கேட்காதபடி மானிட்டர் ஸ்பீக்கர்கள் (வாசிப்பவர்கள் தங்களையே கேட்பதற்காக மேடையில் வைப்பவை) செயலிழந்தன. கண்ணில் விளக்கு கூசி எதிரே கூட்டமும் தெரியவில்லை. ஆனாலும் அந்தத் திருவிழாவின் வரலாற்றில் தலைசிறந்த இரவுகளில் ஒன்றாக அது பேசப்படுகிறது. மேடையில் பாடகர் காதைத் தொட்டுச் சைகை காட்டினால், பக்கவாட்டில் இருக்கும் மானிட்டர் ஆளைத்தான் கூப்பிடுகிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

பதினாறு வயது மகன் மாஷ் பிட்டுக்குள் போகப் போவதாகச் சொல்கிறான். அனுப்பலாமா?
– வாசகி, மதுரை

முதலில் வயது வரம்பைப் பாருங்கள் அம்மா. நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி அது மாறும். பதினெட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெரியவர் துணை கேட்கும் இடங்கள் உண்டு.

மாஷ் பிட் வேறு, நெரிசல் வேறு. இந்த வித்தியாசம் அவனுக்குத் தெரிந்தால் போதும். பிட் என்பது கூட்டத்தின் நடுவே தானாகத் திறக்கும் ஒரு வட்டம். அதற்குள் விருப்பப்பட்டவர்கள் மோதிக்கொண்டு ஆடுவார்கள், விருப்பமில்லாதவர் விளிம்புக்கு நகர்ந்துவிடலாம். விழுந்தவரை உடனே நான்கு பேர் தூக்கிவிடுவது எழுதப்படாத சட்டம். மூடிய காலணி, இரட்டை முடிச்சிட்ட லேஸ், கழுத்துச் சங்கிலியும் காதணியும் கழற்றி வைப்பது, கண்ணாடி அணிபவனாக இருந்தால் பின்னால் கட்டும் பட்டை, இவ்வளவும் இருந்தால் சிராய்ப்போடு திரும்பி வருவான்.

உயிரைக் குடிப்பது நெரிசல். 2000 ஜூன் 30 அன்று டென்மார்க்கின் ரோஸ்கில்ட திருவிழாவில் பியர்ல் ஜாம் வாசித்துக்கொண்டிருந்தபோது முன்பகுதியில் ஒன்பது இளைஞர்கள் இறந்தார்கள். மழையில் தரை வழுக்கியது, பின்னாலிருந்து அழுத்தம் வந்தது, ஒருவர் விழ அவர்மேல் மற்றவர்கள் விழுந்தார்கள். பாடகர் எட்டி வெடர் பாட்டை நிறுத்திப் பின்னால் நகரும்படி கூட்டத்தைக் கெஞ்சினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. இத்தகைய சாவுகளுக்குக் காரணம் பெரும்பாலும் மிதிபடுவது அல்ல, மார்பு விரிய இடமில்லாமல் மூச்சு நிற்பது. அதனால்தான் அந்தச் சம்பவத்துக்குப் பின் ரோஸ்கில்ட மேடையின் முன்பகுதி தடுப்புகளால் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, எண்ணி ஆட்களை விடுகிறார்கள். தலைக்கு மேல் ஆட்களைத் தூக்கி அனுப்பும் பழக்கமும் பல திருவிழாக்களில் தடைசெய்யப்பட்டது.

மகனுக்கு இவற்றைச் சொல்லிக்கொடுங்கள். ஒரு சதுர மீட்டரில் நான்கு, ஐந்து பேர் வந்துவிட்டால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அவன் எண்ணிக்கொண்டிருக்க முடியாது, அதனால் எளிய சோதனை: இரு கைகளையும் முகம் வரை தூக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் உடனே வெளியேற வேண்டும், அது அவனுக்கு ரொம்பப் பிடித்த பாட்டாக இருந்தாலும் சரி. குத்துச்சண்டைக்காரர் போல இரு முழங்கைகளையும் மார்புக்கு முன் மடித்து வைத்தால் மூச்சுக்கு இடம் இருக்கும். கூட்டம் தள்ளும்போது எதிர்த்துத் தள்ளக் கூடாது, பலம் வீணாகும். தள்ளல் அலை அலையாக வரும். ஒவ்வொரு அலைக்கும் பின் வரும் சிறு ஓய்வில் குறுக்குச் சாய்வாக, ஓரத்தை நோக்கி இரண்டடி நகர வேண்டும். செல்போன் விழுந்தால் குனியவே கூடாது, போனது போகட்டும். கம்பித் தடுப்புக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டால் இரு கைகளையும் தூக்கிக் காவலர் கண்ணைப் பார்த்துக் கத்த வேண்டும். அவர் மேலே தூக்கி வெளியே எடுத்துவிடுவார். எழ முடியாமல் விழுந்துவிட்டால் ஒருக்களித்துச் சுருண்டு, தலையைக் கைகளால் மூட வேண்டும். குப்புறவோ மல்லாந்தோ கிடக்கக் கூடாது.

இவ்வளவும் தெரிந்த பையனை அனுப்பலாம். முதல் தடவை பிட்டின் விளிம்பில் நிற்கட்டும்.

கிரீன் டே ரசிகர் ஒருவரை மேடைக்கே அழைப்பார்களாமே, அதற்கு என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், சேலம்

அந்தக் குழுவின் பாடகர் பில்லி ஜோ ஆர்ம்ஸ்ட்ராங் கூட்டத்திலிருந்து ஒருவரை ஏற்றிப் பாடவோ கிட்டார் வாசிக்கவோ விடுவது பல ஆண்டு வழக்கம். தேர்வு அவர் கண்ணில் படுவதைப் பொறுத்தது. முன்பகுதியில் இருக்க வேண்டும், பாட்டு முழுவதும் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு மேல் செய்ய எதுவுமில்லை.

அழைக்காமல் தடுப்பைத் தாண்டாதீர்கள். 1994 ஆகஸ்ட்டில் வுட்ஸ்டாக் திருவிழாவில் இதே குழு வாசித்தபோது கூட்டமும் மேடையும் சேற்றை வாரி எறிந்துகொண்டன. சேறு பூசி நின்ற பாஸ் கிட்டார் கலைஞர் மைக் டர்ன்ட்டை, மேடையேறிய ரசிகர் என்று நினைத்துக் காவலர் ஒருவர் பாய்ந்து வீழ்த்த, அவருடைய பல் போயிற்று. வாசிக்கிறவருக்கே அந்தக் கதி என்றால் தாண்டுகிறவருக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

காதடைப்பான் வைத்துக்கொண்டால் பாட்டு கேட்குமா? பணம் கொடுத்துப் போய்க் காதை மூடுவது சரியாகப் படவில்லை.
– வாசகர், நாகர்கோவில்

கேட்கும். சரியானதை வைத்தால் இன்னும் தெளிவாகவே கேட்கும். அதிக ஒலியில் காதே திணறிப்போய்ச் சொற்களைப் பிரித்தறிய முடியாமல் ஆகிறது.

கணக்கைப் பாருங்கள். 85 டெசிபல் ஒலியில் எட்டு மணி நேரம் பாதுகாப்பு என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வகுத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88க்கு நாலு மணி நேரம், 94க்கு ஒரு மணி நேரம், 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் இசை அரங்குகளுக்கு வைத்த உச்சவரம்பும் 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபல்தான். ராக் மேடைக்கு முன் அந்த 100 சாதாரணம். ஒன்றரை மணி நேரம் வெறும் காதோடு நின்றால் அளவுபோல ஆறு மடங்கு வாங்குகிறீர்கள்.

மருந்துக்கடையில் கிடைக்கும் மலிவான ஃபோம் அடைப்பானும் பாதுகாக்கும். ஆனால் அது மேல் சுருதிகளை அதிகமாக விழுங்கும். அடுத்த வீட்டில் பாடுவது போல இருக்கும். இசைக்கென்றே விற்கும் சிலிகான் அடைப்பானில் நடுவே ஒரு வடிகட்டி இருக்கும். அது எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவாக, 15 முதல் 20 டெசிபல் வரை குறைக்கும். வாங்கக்கூடியவர்கள் அதை வாங்குங்கள்.

ஃபோம் பலருக்குப் பலன் தராததற்குக் காரணம், வைக்கும் விதம். சும்மா நுனியை அழுத்திவிட்டால் அது காதின் வாசலிலேயே நின்றுவிடும். சுத்தமான விரல்களால் மடிப்பு விழாமல் உருட்டி, ஊதுபத்திக் குச்சியைவிடச் சற்றுத் தடிமனான திரி போல ஆக்குங்கள். வலது காதுக்கு வைக்கும்போது இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய், காதின் மேல்விளிம்பை மேலும் பின்னுமாக இழுங்கள். துளை நேராகும். உள்ளே செலுத்தி, விரல் நுனியால் இருபது, முப்பது நொடி அழுத்திப் பிடித்திருங்கள். அது மெல்ல விரிந்து சுவரை அடைப்பதை உணரலாம். உங்கள் குரலே பானைக்குள் பேசுவது போலக் கேட்டால் சரியாக உட்கார்ந்துவிட்டது. முதல் பாட்டுக்கு முன்பே வையுங்கள், காது இரைந்தபின் வைப்பதில் பாதிப் பயன்தான்.

குழந்தைகளுக்கு அடைப்பான் நிற்காது, காதை மூடும் மஃப் வாங்குங்கள். நிகழ்ச்சிக்குப் பின் காதில் இரைச்சல் ஓரிரு நாளில் தணியாவிட்டால், அல்லது ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால், அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். திடீர்க் கேட்பிழப்புக்கு முதல் சில நாட்களில் தொடங்கும் சிகிச்சைதான் பலன் தரும்.

திருவிழாவில் பழைய இசைத்தட்டை முழுதாக வாசிப்பார்களா? பாட்டின் சுருதியும் குறைந்தது போலத் தோன்றுகிறதே?
– வாசகர், புதுச்சேரி

முழுதாக எதிர்பார்க்க வேண்டாம். 2024இல் தங்கள் சொந்தச் சுற்றுப்பயணத்தில் கிரீன் டே, 1994இன் 'டூக்கி', 2004இன் 'அமெரிக்கன் இடியட்' இரண்டையும் முழுதாக வாசித்தார்கள். அதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். திருவிழாவில் கடைசிக் குழுவுக்கே 75 முதல் 90 நிமிடம்தான் கிடைக்கும், மாலைக் குழுவுக்கு ஒரு மணி நேரம். எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகள் வந்துவிடும், அபூர்வமானவை விடுபடும். ஆழமான ரசிகர் என்றால் தனிக் கச்சேரிக்குப் பணம் சேர்ப்பதே மேல். முந்தைய இரண்டு வாரங்களில் அவர்கள் வாசித்த பட்டியலை செட்லிஸ்ட் எஃப்எம் தளத்தில் பாருங்கள். முக்கால்வாசி அதுவேதான் இங்கும் வரும். தெரியாமலே கேட்க விரும்புகிறவர் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

சுருதி விஷயத்தில் உங்கள் காது சரி. ஐம்பதைத் தாண்டிய பாடகர்கள் இருபது வயதில் எட்டிய உச்சத்தை இரவுக்கு இரவு எட்ட முடியாது என்பதால் பல குழுக்கள் அரைக்கட்டையோ ஒரு கட்டையோ இறக்கித்தான் வாசிக்கின்றன. நம் கச்சேரி மேடையில் நடப்பதே. ஆனால் 'டூக்கி' பதிவிலேயே கிட்டார்கள் அரைக்கட்டை இறக்கியவைதான். வீட்டில் சேர்ந்து வாசித்துப் பழகுகிறவர்கள் ஆறு தந்திகளையும் அரைக்கட்டை இறக்கிக்கொள்ளுங்கள்.

லண்டனில் இருக்கிறோம். கிளாஸ்டன்பரிக்கு டிக்கெட் எடுக்க ஒவ்வொரு வருடமும் தோற்கிறோம். பழைய குழுக்களைப் பார்க்க அதுதானே இடம்?
– வாசகி, ஹாரோ

2026 நிலத்துக்கு ஓய்வு கொடுக்கும் ஆண்டு. திருவிழா நடக்கும் வொர்தி பண்ணை மாடு மேயும் இடம் என்பதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இப்படி விடுகிறார்கள். அடுத்தது 2027.

முதல் படி, விற்பனைக்கு வெகு முன்பே ஒவ்வொருவரும் புகைப்படத்தோடு பதிவு செய்வது. பதிவு எண்ணும் அதில் கொடுத்த அஞ்சல் குறியீடும் இல்லாமல் டிக்கெட் கிடையாது. டிக்கெட்டில் உங்கள் படமே அச்சாவதால் பிறருக்கு மாற்ற முடியாது, கள்ளச் சந்தையில் வாங்கியதும் செல்லாது. டிக்கெட் வாங்கும்போது ஒரே முன்பதிவில் ஆறு பேர் வரை எடுக்கலாம். ஆறு பேரின் எண்களையும் ஒரு தாளில் எழுதி, ஆறு பேரும் தனித்தனிக் கருவியில் வரிசையில் நில்லுங்கள். யாருக்குத் திறந்தாலும் அவர் எல்லோருக்கும் எடுக்கட்டும். 2025க்கு விலை 373.50 பவுண்டு, முன்பதிவுக் கட்டணம் 5 பவுண்டு. முதலில் 75 பவுண்டு முன்பணம், மீதி ஏப்ரலில். அந்த மீதியைக் கட்டாதவர்களின் இடங்கள் பிறகு மறுவிற்பனைக்கு வரும். தோற்றவர்கள் மறக்கக் கூடாத வாய்ப்பு அது. பேருந்துப் பயணத்தோடு சேர்த்து விற்கும் டிக்கெட்டுகள் பொது விற்பனைக்குச் சில நாட்கள் முன்பே வருகின்றன. அதிலும் முயலுங்கள்.

ரயிலில் போனால் பேடிங்டனிலிருந்து காசில் கேரி. அங்கிருந்து திருவிழாவுக்கு இலவசப் பேருந்து. முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸை வெயில் அறிவிப்பு இருந்தாலும் எடுத்துப் போங்கள்.

பழைய குழுக்கள் அறிவிக்காமலும் வருவார்கள். 1995இல் ஸ்டோன் ரோசஸ் கிட்டார் கலைஞருக்குக் காறை எலும்பு முறிந்ததால் கடைசி நேரத்தில் பல்ப் குழு அவர்கள் இடத்தில் ஏறிப் புகழ்பெற்றது. சரியாக முப்பது ஆண்டு கழித்து, 2025 ஜூன் 28 அன்று, அட்டவணையில் 'பேட்ச்வொர்க்' என்று அறியாத பெயர் போட்டிருந்த நேரத்தில் மேடையேறியதும் பல்ப்தான். அட்டவணையில் நல்ல நேரத்தில் யாரும் கேள்விப்படாத பெயர் இருந்தால் அங்கே போய் நில்லுங்கள்.

எனக்கு 48 வயது, முழங்கால் வலி உண்டு. ஆறு மணி நேரம் நிற்க முடியுமா?
– வாசகர், ஈரோடு

நிற்காதீர்கள், உட்காருங்கள். மாலை வரை மைதானத்தின் ஓரத்தில் தரையில் உட்காருபவர்கள் ஏராளம். மழைக்கு விரிக்கும் மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பை மடித்துக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். கூட்டம் அடர்ந்தபின் மட்டும் எந்தக் காரணத்துக்கும் தரையில் உட்காராதீர்கள்.

புதுக் காலணி போட்டுப் போகக் கூடாது. இரண்டு வாரமாவது போட்டு நடந்து பழகியதாக இருக்கட்டும். நிற்கும்போது முழங்காலைப் பின்னுக்குப் பூட்டியதுபோல விறைத்து நிற்பதால்தான் பலர் மயங்கி விழுகிறார்கள், இரத்தம் காலிலேயே தேங்கிவிடும். சற்று மடக்கி, எடையை மாற்றி மாற்றி நில்லுங்கள். வியர்த்த உடம்புக்கு வெறும் தண்ணீரை விட, நடுவில் ஒரு பொட்டலம் ஓஆர்எஸ் கரைத்துக் குடிப்பது நல்லது. கழிவறைக்குக் குழு வாசிக்கும்போது போனால் வரிசை இருக்காது, இடைவேளையில் போனால் அரை மணி போய்விடும். வலி அதிகம் என்றால், மாற்றுத்திறனாளிகளுக்கான உயரமேடை பல திருவிழாக்களில் உண்டு. சான்றோடு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

முழு நிகழ்ச்சியையும் போனில் எடுக்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

ஒரு பாட்டு எடுங்கள். பாஸ் அதிகமான இடத்தில் போன் மைக் திணறி வெறும் கரகரப்புதான் பதிவாகும். கன்சோல் அருகில் எடுத்தால் தேவலை. லேசர் கதிர் நேராக லென்ஸில் பட்டால் கேமரா சென்சாரில் நிரந்தரக் கோடு விழும், கதிர் உங்கள் பக்கம் திரும்பும்போது கீழே இறக்குங்கள். மிச்ச சார்ஜ் திரும்பிப் போகும்போது வண்டி பிடிக்கத் தேவைப்படும்.

கைப்பட்டை பற்றியும் வெளியேறுவது பற்றியும் சொல்லுங்கள்.
– வாசகர், வேலூர்

துணிப்பட்டையில் கோர்த்திருக்கும் சிறு பிளாஸ்டிக் பூட்டு ஒரே திசையில்தான் நகரும், பல் உள்பக்கம் பிடித்துக்கொள்ளும். இறுக்கியதைத் தளர்த்த முடியாது. இரண்டு விரல் நுழையும் இடைவெளி விட்டு இழுங்கள். வெயிலில் கை வீங்கும். அறுத்தாலோ கழற்றினாலோ இரண்டாம் நாள் உள்ளே விட மாட்டார்கள். சாப்பாட்டுக்கு அதில் பணம் ஏற்றியிருந்தால், மீதத்தைத் திரும்பப் பெறக் கெடு நாள் உண்டு, பட்டையின் எண்ணைப் படம் எடுத்து வையுங்கள்.

வெளியேறும்போது எல்லோரும் வந்த வாசலை நோக்கியே நடப்பதால் அங்கேதான் நெரிசல். உள்ளே போகும்போதே இரண்டாவது வாசல் எங்கே என்று பார்த்து வையுங்கள். கடைசிப் பாட்டு முடிந்தபின் இருபது நிமிடம் மைதானத்திலேயே உட்கார்ந்திருந்தால் பாதிக் கூட்டம் கரைந்துவிடும். பிரிந்துபோன நண்பர்களைச் சந்திக்க "மேடைக்கு இடப்பக்கம்" என்று சொல்லாமல், எண்ணிட்ட ஒரு கம்பத்தையோ கடையையோ சொல்லி, நேரத்தையும் காலையிலேயே பேசி வையுங்கள். இணையம் திணறும்போதும் சாதாரண எஸ்எம்எஸ் பெரும்பாலும் போய்ச் சேரும். வாடகை வண்டியை வாசலிலேயே அழைத்தால் கட்டணமும் கூடும், ஓட்டுநரும் உள்ளே வர முடியாது. மகாலட்சுமியில் என்றால் நேரே நிலையத்துக்கு நடந்துவிடுங்கள். மெட்ரோ முன்னதாகவே நின்றுவிடும், ஆனால் லோக்கல் ரயில் நள்ளிரவு தாண்டியும் ஓடும். திரும்பும் டிக்கெட்டை மாலை வரும்போதே எடுத்துக்கொள்ளுங்கள்.